நின்றுபோன பகல் பாசஞ்சர்

நைனா,

நீ டெல்லி போய்ச் சேர்ந்து, தங்க இடம் பார்த்து, புது ஆபீஸில் உட்கார்ந்து கொஞ்ச நாளாவது ஆன பிறகு இது உன் கைக்கு வரட்டும் என்றுதான் தாமதமாக எழுதுகிறேன். உன்னை வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகமாக நின்றார்கள். வண்டி நகரும்போது நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, உனக்கு மட்டும் சந்தோஷமே இல்லியா?" என்று கேட்டாய். பிள்ளையைப் பிரிகிற வருத்தம் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிச் சமாளித்தார்கள். அது பொய். நீ படித்து இஞ்சினீயர் ஆனதும், நாட்டுக்கு எங்கே மின் நிலையம் கட்டுவது, எந்த ரயில் பாதைக்குப் பணம் ஒதுக்குவது என்று திட்டம் போடுகிற இடத்தில் உனக்கு வேலை கிடைத்ததும் எனக்குப் பெருமைதான். என் முகம் வாடியதற்குக் காரணம் நீ கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்ன ஒரு பேச்சு.

சர்ச்சிலிருந்து வந்த நம் பக்கத்து வீட்டு வாத்தியார் உன்னிடம், "இந்தச் சாண கேஸு, காத்துல சுத்துற பம்பு, சின்ன ஸ்டேஷனுங்கள்ல நிக்குற வண்டி, இதுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல இடம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். நீ கோபப்படாமல், படித்தவன் பேசுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாய்: "இருக்கு சார். ஆனா மொதல்ல பெரிய அனல் மின் நிலையம், மெயின் லைன், வேகமான வண்டி. இது அப்புறம். முன்னுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?" நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அந்தச் சொல்லை நான் முதன்முதலில் எங்கே கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது சின்னப் பிள்ளை. உன்னைப் பகலில் பார்த்துக்கொண்ட எடையம்மா என்ற கிழவியின் வீட்டில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊரில் இதை ஒரு கதையாக அரைகுறையாகக் கேட்டிருப்பாய். முழுவதையும் நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா இறந்த பிறகு என்னை ஆர்.கே.பேட்டை வழியில் இருக்கிற நெசவாளர் ஊரின் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸாகப் போட்டார்கள். ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஊர் முழுக்கத் தறிச் சத்தம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற சனங்கள். புருஷனை பாவா என்பார்கள், பிள்ளையை நைனா என்பார்கள். உன்னை நான் நைனா என்று கூப்பிடப் பழகியது அங்கேதான். சரோஜா என்று ஒரு பெண். அவள் புருஷன் முனுசாமி கைத்தறி போட்டான். இரண்டு பெண் பிள்ளைகளை நான்தான் அவளுக்குப் பிரசவம் பார்த்து எடுத்தேன். இரண்டும் சுலபமாக வந்தவை. இரண்டாவது குழந்தை பிறந்த சாயந்திரமே எழுந்து உட்கார்ந்து எனக்குக் காபி கொடுக்கச் சொல்லித் தன் மாமியாரை அதட்டினாள். அப்படி ஒரு வலுவுள்ள பெண்.

மூன்றாவது அப்படி வரவில்லை. விடிந்ததும் முனுசாமி ஓடி வந்தான். நான் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்து சின்னக் கை ஒன்று வெளியே வந்துவிட்டது. அந்தக் கையைப் பார்த்த பிறகு எந்த நர்ஸும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நாளில் எங்கள் பக்கத்துக்கு அதற்கு அரக்கோணம்தான். வழக்கமாக என்ன செய்வோம் என்றால், பஸ்ஸிலோ வண்டியிலோ திருத்தணி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, பகல் பாசஞ்சரில் ஏற்றிவிடுவோம். குலுங்காமல் போய்விடலாம். நானே பல பேரை அப்படிக் கொண்டுபோய்த் தாயும் பிள்ளையுமாகத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். அந்தப் பாசஞ்சரை நம்பித்தான் நான் அந்த ஊரில் தைரியமாக இருந்தேன்.

அது எண்ணெய் விலை ஏறி நாடே திண்டாடிய காலம். டீசல் இல்லை என்று டவுன் பஸ்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். நாங்கள் ரோட்டில் காத்திருந்து பார்த்து, பஸ் வராமல், ஒரு மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நர்ஸம்மா, நான் ரயில்ல ஏறினதே இல்ல, தெரியுமா? மலைக்கு எத்தினி தபா வந்துகினு போயிருக்கேன், ரயிலைத் தூரத்துலருந்து பாத்ததோட சரி," என்றாள். "இன்னிக்கு ஏறிடலாம்," என்றேன். உச்சி வெயிலில் ஸ்டேஷன் வந்து சேர்ந்தோம். பிளாட்பாரத்தில் ஒரு ஆள் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் நடுத்தர வயசுக்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டார். "பாசஞ்சர் ரத்தும்மா. கரி இல்லைன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. எப்ப விடுவாங்கன்னு தெரியாது," என்றார். ஊரில் இருந்த டாக்சிகளோ திருப்பதி சவாரிக்குப் போயிருந்தன. அரக்கோணத்துக்கு மறுபடி மாட்டுவண்டியில் போனால் சாயங்காலம் ஆகிவிடும். சரோஜாவை பெஞ்சில் படுக்கவைத்திருந்தோம். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் போனைச் சுற்றினார். ஒரு கூட்ஸ் வண்டி வருகிறது, இங்கே நிற்காது, அதை நிறுத்த அனுமதி வேண்டும் என்று அவர் யாரிடமோ கெஞ்சியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "ஒரு உயிர் சார். ரெண்டு உயிர் சார்." பிறகு போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். "அனுமதி குடுத்தாங்களா?" என்று முனுசாமி கேட்டான். அவர் நேரே சிக்னல் பக்கம் போனார். வண்டி நின்றது. அந்த நல்ல மனுஷனுக்கு அதற்காக விளக்கம் கேட்டு ஓலை வந்ததும், கொஞ்ச நாளில் அவரை எங்கோ தூரத்துக்கு மாற்றியதும் பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

வண்டியின் கடைசியில் கார்டு இருக்கிற சின்னப் பெட்டியில் அவளைத் தூக்கி ஏற்றினோம். கார்டு தன் டிரங்குப் பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு இடம் கொடுத்தார். வண்டி வளைவில் திரும்பும்போது முன்னால் போகிற வேகன்கள் தெரிந்தன. சரோஜாவுக்கு வலி கொஞ்சம் விட்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னா பாவா அது, கருப்பா கொட்டி வெச்சிருக்குது?" என்று புருஷனைக் கேட்டாள். கார்டுதான், "கரிம்மா," என்றார். "கரியா? கரி இல்லைன்னுதான வண்டிய நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க?" "இது வேறம்மா. இது கரண்டு எடுக்கறதுக்குப் போவுது." அவள் சிரித்தாள் நைனா. நிஜமாகவே சிரித்தாள். "எங்க தெருவுல கரண்டே இல்லியே," என்றாள். அடுத்த வலி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை.

அரக்கோணம் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. இஞ்சின் ஷெட்டுப் புகை தெரிந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கிற வெளி சிக்னலில் வண்டி பக்கப் பாதைக்கு ஒதுங்கி நின்றுவிட்டது. நான் கார்டைப் பார்த்தேன். அவர் இறங்கி முன்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "பின்னாடி எக்ஸ்பிரஸ் வந்துகினு இருக்கும்மா. அது போனாத்தான் நம்மள விடுவாங்க. அதுக்குத்தான் முன்னுரிமை," என்றார். அந்தச் சொல்லை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். என்னவோ மருந்தின் பெயர் மாதிரி அது என் காதில் விழுந்தது. சரோஜாவின் நாடி என் விரலுக்கு அடியில் ஓடி ஓடி மெலிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். செய்வதற்கு அதிகம் இல்லை. எக்ஸ்பிரஸ் வந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் எங்களை உரசுகிற மாதிரி போனது. ஜன்னல்களில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி தாண்டி, சத்தம் அடங்கியபோது, என் விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. முனுசாமி, "நர்ஸம்மா, வண்டி இப்ப கிளம்பிடும்ல?" என்று கேட்டான். ஆங் என்றேன். வேறு என்ன சொல்ல?

குழந்தையும் போய்விட்டது. ஆண் குழந்தை.

அதற்குப் பிறகு நானும் முனுசாமியும் அந்தப் பகல் பாசஞ்சரைத் திரும்ப விடச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறினோம். நான் லீவு போட்டுவிட்டு எங்கேயோ கிளம்பிப் போகிறேன் என்று நீ அழுதுகொண்டு நின்றாயே, அதெல்லாம் இதற்குத்தான். முதலில், கரி நிலைமை சரியானதும் விட்டுவிடுவோம் என்றார்கள். கரி நிலைமை சரியானது. வண்டி வரவில்லை. பிறகு, இந்தப் பாதைக்கே மின்சாரக் கம்பி போடப்போகிறோம், அதற்குப் பிறகு உங்களுக்கு வண்டிக்குக் குறைவே இருக்காது, பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். நீ அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன வருஷங்கள் முழுக்கப் பொறுத்தோம்.

அந்த இடைவெளியில் எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கிற திட்டம் என்று ஒரு இளம் அதிகாரி வந்தார். ஊரே சிரித்தது. அவர் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் குழி வெட்டி, மேலே இரும்பு மூடி ஒன்றைக் கவிழ்த்து, குழாய் இழுத்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் காலையில் ஒரு கூடை சாணி கொண்டுவந்து கொட்டுவார்கள். அவ்வளவுதான். நீலமாக எரிகிற அடுப்பு, வெள்ளையாக எரிகிற விளக்கு. ஊசியையும் கத்திரியையும் நினைத்த நேரத்தில் கொதிக்கவைக்க முடிந்தது. அதற்குள் ஊருக்கு வந்துவிட்டிருந்த கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மகளின் பிரசவத்துக்கு வந்த ஒரு கிழவி அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, "மாட்டு வயித்துலருந்தா இம்மாம் வெளிச்சம் வருது?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீகூட அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தாய். மறந்திருக்க மாட்டாய்.

அந்த இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. இரும்பு என்றால் துருப்பிடிக்கும். புது மூடி கேட்டுப் போனேன். அந்த இளம் அதிகாரி மாற்றலாகிவிட்டார். அவர் நாற்காலியில் இருந்தவரும் நல்லவர்தான். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். "புதுசு கட்டணும்னா பணம் இருக்கும்மா. உங்க ஊருக்கு இன்னும் நாலு வேணுமா, கட்டித் தரேன். கட்டினதை ரிப்பேர் பண்றதுக்குன்னு கணக்குல தலைப்பே இல்ல. நான் இன்னா பண்றது சொல்லுங்க," என்றார். "அப்ப இத இடிச்சிட்டுப் புதுசுன்னு கட்டிடுங்களேன்," என்றேன். "ஏற்கெனவே கட்டின எடத்துல கட்ட முடியாதும்மா," என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வந்தது. சுகாதார நிலையத்துக்குப் பின்னாலேயே கொசு என்று என்னைத்தான் கேட்டார்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டோம்.

கடைசியில் ரயில் பாதைக்குக் கம்பி வந்தது. கம்பம் நடுகிறபோது நம் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போனார்கள். மின்சாரத்தில் முதல் வண்டி ஓடிய அன்று முனுசாமி தன் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். மின்சார இஞ்சினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் கைகட்டி நின்றேன். அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸ் வண்டிகள் வேகமாகப் போயின. கூட்ஸ் வண்டிகள் நீளமாகப் போயின. தலைக்கு மேலே அத்தனை கரண்டு ஓடிக்கொண்டிருக்க, கீழே ஊர்களில் விசைத்தறிகள் மின்வெட்டில் நின்றுகிடந்தன. பகல் பாசஞ்சர் மட்டும் திரும்ப வரவில்லை. போய்க் கேட்டோம். "பாசஞ்சர் நஷ்டம்மா. இந்தப் பாதையில எடமில்ல. பெரிய வண்டிங்களுக்கே நேரம் பத்தல," என்றார்கள்.

அந்த ஆபீஸின் படியிறங்கும்போதுதான் முனுசாமி என்னிடம் சொன்னான். "நர்ஸம்மா, இனிமே நான் வரல. உம்மேல கோவம் இல்ல. போற எடத்துலலாம் அவ செத்தத சொல்லிச் சொல்லி, இப்ப அது எனக்கே யாருக்கோ நடந்த கதை மாதிரி ஆயிடுச்சு. அவ மூஞ்சி ஞாபகம் வர மாட்டேங்குது. நான் சொல்ற வார்த்தைதான் ஞாபகம் வருது. எனக்கு அந்த ரயிலு வேணாம். அவ மூஞ்சி திரும்ப வந்தா போதும்." அன்றைக்கு எனக்குள்ளேயும் ஏதோ நின்றுபோனது நைனா. அதற்குப் பிறகு நான் யாரிடமும் போய் எதையும் கேட்கவில்லை.

நீ கேட்பாய், இதையெல்லாம் எதற்கு இப்போது எனக்குச் சொல்கிறாய், நான் ஏதாவது செய்ய வேண்டும் என்றா? எனக்கு அந்த நம்பிக்கை இருந்தால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன். நான் இத்தனை வருஷத்தில் ஏறின ஆபீஸ்களில் கெட்டவர் என்று ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. லஞ்சம் கேட்டவன், விரட்டியவன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு மறுநாள் புது பலத்தோடு போயிருப்பேன். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர் கண் கலங்கினார். எல்லாரும் உன்னை மாதிரிப் பொறுமையாக, அழகாக, 'அப்புறம்' என்றார்கள். உன் வாயிலும் அதே சொல் வந்தபோது, நான் பெற்று வளர்த்த பிள்ளையும் அந்த நல்லவர்களில் ஒருவனாகப் போய் உட்காரப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எடுத்துவைக்கிற கணக்கு சரியாகத்தான் இருக்கும். நாட்டுக்குக் கரண்டு வேண்டும், இரும்பு வேண்டும், வேகமான வண்டி வேண்டும், எனக்கும் தெரியும். 'அப்புறம்' என்று ஒதுக்கி வைக்கிற இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. தெரிந்துகொண்டாலும் நீ போடத்தான் வேண்டியிருக்கும். அதையும் நான் அறிவேன். புத்தி சொல்கிற அம்மா இதைவிட உருப்படியாக எதையாவது சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? எட்டாம் மாசம் ஆன பெண்களில் யாரைப் பார்த்தால் எனக்கு மனசு உறுத்துகிறதோ, அவர்களை ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறேன். அரக்கோணத்தில் உறவுக்காரர் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை. ஊருக்குள் வண்டியும் வெளிச்சமும் வராது என்று ஆன பிறகு, அவை இருக்கிற இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. முடிந்தவர்கள் போகிறார்கள். முடியாதவர்கள், "பாத்துக்கலாம் நர்ஸம்மா," என்று தறியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நேற்று கஸ்தூரி என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோனேன். இது அவளுக்கு முதல் பிள்ளை. இடுப்பு குறுகல். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல், யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தார். ஆஸ்பத்திரித் தெருவில் அந்த அறை, ஜன்னல் இல்லாமல் இருட்டாக இருந்தது. பாயை விரித்து, தண்ணீர்ப் பானையை வைத்து, வீட்டுக்காரம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். வாசல் வரைக்கும் அவள் வந்தாள். என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, எங்க ஆயா, எங்கம்மா எல்லாம் ஊர்லயேதான் பெத்தாங்க. நான் மட்டும் இன்னாத்துக்கு இங்க வந்து தனியாக் கெடக்கணும்?" என்று கேட்டாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பழைய கதை எதையும் அவளிடம் சொல்லவில்லை. "இங்க லைட்டு இருக்கும்மா," என்று மட்டும் சொல்லி அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் முந்தானையிலிருந்து எடுத்துவிட்டு, ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி வாங்கிக்கொள்.

உன் அம்மா